நடுவில் உட்கார்ந்த தம்பி

தாராவி கிராஸ் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் சந்துகளில் எந்த வீட்டில் சண்டை என்றாலும், இரண்டு நாள் கழித்து ஒரு தரப்பு தங்கத்தாயின் வாசலில் வந்து நிற்கும். அவள் தீர்த்து வைப்பாள் என்பதற்காக அல்ல. அவளுடைய தம்பி தங்கசாமி தீர்த்து வைப்பான் என்பதற்காக. தங்கசாமி வக்கீல். நவி மும்பை நெருளில் சொந்த ஃபிளாட். கோர்ட்டோடு சேர்ந்த சமரச மையத்தில், வழக்கை வருஷக்கணக்கில் இழுக்கவிடாமல் இரண்டு பக்கத்தையும் உட்காரவைத்துப் பேசி முடித்துக் கொடுக்கும் சமரசர். ஞாயிற்றுக்கிழமை அக்காளைப் பார்க்க வரும்போது சந்துக்காரர்களுக்கும் அதே வேலையைச் செய்து கொடுப்பான். ஒரு டீ கூட வாங்கிக் குடிக்க மாட்டான்.

"உனக்கென்ன தாயி, ஹைகோர்ட்ட வீட்டுக்குள்ளயே கட்டி வச்சிருக்க" என்பாள் எதிர்வீட்டுப் பேராச்சி.

"கட்டி வைக்கல, பேராச்சி. சோறு போட்டு வளத்தேன்" என்பாள் தங்கத்தாய்.

அது வெறும் வாய்ச்சவடால் இல்லை. ஆறு வயதில், அறுபத்தெட்டாம் வருஷம், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இந்தப் பத்துக்குப் பதினாலு அறைக்குள் வந்தவள் அவள். அப்பாவுக்குத் தோல் பட்டறையில் வேலை. வந்த வருஷமே தங்கசாமி பிறந்தான். நாலு வருஷம் கழித்து மகேஷ்குமார். தங்கத்தாயை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தினார்கள். பத்தொன்பது வயதில் டோம்பிவிலியில் கட்டிக் கொடுத்தார்கள். ஒன்றரை வருஷத்தில், கொண்டுபோன அதே டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்தாள். அந்தச் சண்டையைப் பேச நாலு பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். நாலு பேரும் அவளைத்தான் பார்த்தார்கள். பெண்பிள்ளைதான் அனுசரித்துப் போக வேண்டும் என்று ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னார்கள். அவள் போகவில்லை. அந்த ஒரு தடவைதான் அவள் யார் சொல்லையும் கேட்காமல் இருந்தது.

அப்பா செத்தபோது அவளுக்கு இருபத்து நாலு. தங்கசாமிக்குப் பதினெட்டு. ஆயத்த ஆடைப் பட்டறையில் தாகா கட்டிங் வேலைக்குப் போனாள். தைத்து முடித்த சட்டையில் அங்கங்கே நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கத்தரித்து, சுத்தமாக மடித்துக் கொடுக்கும் வேலை. மற்றவர்கள் வெட்டியதை மேஸ்திரி இன்னொரு தரம் புரட்டிப் பார்ப்பார். தங்கத்தாயின் அடுக்கைத் தொடமாட்டார். முப்பத்தோரு வருஷம் அப்படி. அந்தச் சம்பளத்தில்தான் தங்கசாமி பி.ஏ. படித்தான், ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்துகொண்டே சட்டம் படித்தான், கோட்டு போட்டான்.

அவன் சமரசர் ஆன அன்று அவளுக்கு வந்த பெருமை, கோட்டு போட்ட அன்றுகூட வரவில்லை. நாலு பெரியவர்கள் அவளைப் பார்த்த பார்வை அவளுக்கு மறக்கவில்லை. நம் வீட்டுப் பிள்ளை நடுவில் உட்கார்ந்தால் அப்படி நடக்காது என்று நினைத்தாள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினாள். அவன் முடித்துக் கொடுத்த ஒவ்வொன்றையும் அதில் எழுதினாள். பெயர் எழுதக்கூடாது, உள்ளே பேசியது வெளியே போகக்கூடாது என்று அவன் சொல்லிவிட்டதால், எண், தேதி, ஏரியா, உறவு, அதற்கு எதிரே 'முடிந்தது', அவ்வளவுதான். 'செம்பூர். அண்ணன் தம்பி. முடிந்தது.' 'மாட்டுங்கா. புருஷன் பெண்டாட்டி. முடிந்தது.' அடித்தல் திருத்தல் இல்லாமல் நூற்று நாற்பத்து மூன்று வரைக்கும் வந்திருந்தது. முடியாதது ஒன்றுகூட இல்லை என்று சந்தில் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். உண்மையில் முடியாதவற்றைப் பற்றித் தங்கசாமி அவளிடம் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் சர்வே வந்தது.

தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள் என்பது அவள் சின்ன வயதிலிருந்து கேட்கும் பேச்சு. இந்தத் தடவை ஆட்கள் டேப்பும் மெஷினுமாக வந்து கதவுக்குக் கதவு எண் எழுதத் தொடங்கினார்கள். தரைத்தளத்தில் ரொம்ப காலமாக இருப்பவர்களுக்கு இங்கேயே புது வீடு. மேல்மாடியில் இருப்பவர்களுக்கு எங்கேயோ வெளியே, வாடகைக் கணக்கில். ஒரு கதவுக்கு ஒரு பெயர்தான் எழுதுவோம் என்றும் அந்த ஆட்கள் சொல்லிவிட்டுப் போனார்கள்.

கீழே இருந்தது தங்கத்தாய். மேலே, இரும்பு ஏணி வைத்து ஏறும் மாடி அறையில், மகேஷ்குமார், அவன் பெண்டாட்டி ஜெபசெல்வி, அவர்கள் மகன் ஆதித்யன். குடியிருப்புக்கு அத்தாட்சியாக அரசாங்கம் கொடுத்த போட்டோ பாஸ் இன்னும் செத்துப்போன அப்பா பெயரில்தான் இருந்தது. கீழ்க்கதவில் யார் பெயர் எழுதுவது?

தங்கத்தாய்க்கு அதில் சந்தேகமே இல்லை. ஐம்பத்தாறு வருஷமாக அந்தக் கதவைத் திறந்து மூடுகிறவள் அவள். எழுபத்தொன்பதிலிருந்து உள்ள கரண்ட் பில்லை வருஷவாரியாக அடுக்கி, ரேஷன் கார்டையும் போட்டோ பாஸையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஒரு மூலைகூட மடங்காமல் வைத்திருப்பவள் அவள். எந்தத் தாளிலும் அவள் பெயர் முதலில் இருந்ததில்லை. ரேஷன் கார்டில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இரண்டு தம்பிகளுக்கும் கீழே, ஐந்தாவதாக இருந்தது. இந்தக் கதவுக்காவது தன் பெயர் வர வேண்டும் என்பது அவள் ஆசை.

மகேஷ் ஒரு நாள் சாயங்காலம் ஏணியிலிருந்து இறங்கி வந்து, வாசல்படியில் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னான்.

"யக்கா, கீழ எம் பேரப் போட்டுருவோம். நீ எங்க கூடத்தான இருக்கப் போற."

"ஏன், எம் பேரப் போட்டா நீங்க எங்கூட இருக்க மாட்டீங்களா?"

"அப்படியில்லக்கா. எனக்குக் குடும்பம் இருக்குல்லா."

"எனக்கு என்னல இருக்கு அப்பம்?"

பத்து நாள் இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. தண்ணீர் வரும் நேரத்தில் ஜெபசெல்வி குடத்தை வைக்கும் சத்தமே மாறிவிட்டது. பேராச்சி, சங்கத்துக்காரர்களிடம் சொல்லலாம் என்றாள். வேறு ஒருத்தி, சயானில் ஒரு வக்கீலம்மா இருக்கிறாள், நல்லா எழுதிக் கொடுப்பாள் என்றாள். தங்கத்தாய்க்கு அது அவமானமாகப் பட்டது. ஊருக்கெல்லாம் தம்பியை அனுப்பிவிட்டு, தன் வீட்டுக்கு வெளியாளைக் கூப்பிடுவதா?

போனில் தங்கசாமி முதலிலேயே சொன்னான்: "யக்கா, நம்ம வீட்டு விஷயத்துல நான் உக்காரக் கூடாது. விதி அப்படி. எனக்கு ரெண்டு பேரும் சொந்தம்."

"ரெண்டு பேரும் சொந்தம்னா நல்லதுதானல. யாருக்கும் துரோகம் பண்ண மாட்டல்லா?"

"அதுக்கில்லக்கா. வேற சமரசர் ஒருத்தர ஏற்பாடு பண்ணுதேன். நான் உன் பக்கத்துல வந்து இருக்கேன்."

"என் பக்கத்துல நீ எதுக்கு? எனக்குப் பேசத் தெரியாதா? நீ நடுவுல உக்காரு. சந்து பூரா பாத்துக்கிட்டு இருக்கு."

மூன்று தடவை மறுத்தான். மூன்று தடவையும் அவள் விடவில்லை. கடைசியில், "எழுதிக் கேட்டதா இருக்கணும், ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு" என்றான். மகேஷ் மறுபேச்சில்லாமல் போட்டான். அந்த வேகத்தை அவள் அப்போது கவனிக்கவில்லை. அவளும் போட்டாள், சிரித்துக்கொண்டே.

குறித்த ஞாயிற்றுக்கிழமை அவன் கோட்டு இல்லாமல், வெள்ளைச் சட்டையில் வந்தான். கையில் தண்ணீர் பாட்டில். தங்கத்தாய் காலையிலேயே கருவாட்டுக் குழம்பு வைத்து மூடி வைத்திருந்தாள்.

"முதல்ல சாப்பிடு. பொறவு பேசு."

"முடியுத வரைக்கும் இந்த வீட்டுலயும் கை நனைக்கக் கூடாது, மேலயும் கூடாது" என்றான் தங்கசாமி. பேராச்சி வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டுக்கொண்டான். பிறகு அக்காளைப் பார்த்து, "சொல்லுங்க. உங்களுக்கு என்ன வேணும்?" என்றான்.

நீங்க என்றான். அவள் வாசலில் குந்தியிருந்த பேராச்சியைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். பார்த்தாயா, எப்படி நடத்துகிறான் என்று.

"எனக்கு எம் பேரு வேணும். கீழ்க் கதவுக்கு."

"சரி. அந்தப் பேரு எதுக்காக வேணும்?"

"எதுக்காகன்னா? எம் பேருதான்."

"இல்ல, பேரு கெடைச்சா உங்களுக்கு என்ன கெடைக்கும்னு நெனைக்கீங்க? யாரும் வெளிய போன்னு சொல்லக் கூடாது, அதானா?"

அவள் யோசித்தாள். இப்படி யாரும் அவளிடம் கேட்டதில்லை. "ஆமா" என்றாள். "யாரும் போன்னு சொல்லக் கூடாது."

"அப்ப உங்களுக்கு வேண்டியது பாதுகாப்பு" என்று சொல்லித் தாளில் ஏதோ குறித்துக்கொண்டான்.

அந்த இடத்தில்தான் அவள் தோற்றாள். ஆனால் அது அவளுக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் விளங்கியது. பெயர் என்று அவள் சொன்னதை எடுத்துக்கொண்டு, அதற்குப் பதிலாகப் பாதுகாப்பு என்று ஒன்றை அவள் கையில் கொடுத்துவிட்டான். பாதுகாப்பைப் பெயர் இல்லாமலும் கொடுக்கலாம்.

தங்கசாமி ஏணியில் ஏறி மேலே போனான். பலகைத் தளம். மேலே பேசுவது கீழே அப்படியே விழும். ஜெபசெல்வியின் குரல் கேட்டது: "புள்ளையா குட்டியா, மைனிக்கு எதுக்கு வீடு? நாளைக்குக் கண்ண மூடுனா யாருக்கு எழுதி வைப்பாவளாம்?" மகேஷ் ஏதோ அடக்கினான். ஆதித்யன் இந்தியில், அத்தைக்கு ஒரு கட்டில் போட்டுக் கொடுத்தால் போதும் என்று சொன்னதும் கேட்டது.

இறங்கி வந்த தங்கசாமி நாற்காலியில் உட்கார்ந்து பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தான். "மேல, பையனோட எதிர்காலத்த நெனைச்சுக் கவலப்படுதாங்க. உங்க மேல மரியாத வச்சிருக்காங்க" என்றான்.

தங்கத்தாய் அவனையே பார்த்தாள். பொய் சொல்கிறான் என்று தோன்றவில்லை. நீட்டிக்கொண்டிருந்ததைக் கத்தரித்துவிட்டு மடித்துக் கொண்டுவந்திருக்கிறான். அந்த வேலை அவளுக்குத் தெரியும்.

"எங் காதுல விழுந்துச்சு" என்றாள்.

"விழுந்தத விடுங்க. கோவத்துல வார வார்த்தைக்குக் கணக்குப் பாத்தா முடியாது."

நாலு தடவை ஏறி இறங்கினான். ஐம்பத்தாறு வயது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நாலாவது தடவை வந்தபோது ஏற்பாடு உருவாகியிருந்தது. கீழ்க்கதவு மகேஷ் பெயரில். புது வீட்டில் தங்கத்தாய்க்கு ஆயுள் முழுக்கத் தங்கும் உரிமை. அவளை யாரும் வெளியே போகச் சொல்லக் கூடாது. தங்கசாமி தன் பங்கை விட்டுக்கொடுத்தான்.

"பேரு?" என்றாள் தங்கத்தாய்.

"பேரு அங்க போனாத்தான் நாலு பேருக்கும் உள்ள எடம். உங்க பேருக்கு வந்தா, மேல உள்ள மூணு பேரும் வெளிய. நீங்க கேட்டது பாதுகாப்பு. அது முழுசா இதுல இருக்கு." பிறகு குரலை இறக்கினான். "சம்மதமில்லேன்னா சொல்லிருங்க. முடியலன்னு எழுதிட்டுப் போயிருவேன். அதுல ஒரு தப்பும் கிடையாது. வற்புறுத்தல் இல்ல."

அவன் மனசறிந்துதான் சொன்னான். அவள் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அவன் எழுந்து போயிருப்பான். ஆனால் வாசலில் பேராச்சியோடு இப்போது ஐந்து பெண்கள் இருந்தார்கள். அவள் கைப்பட எழுதிய நோட்டு பரணில் இருந்தது. நூற்று நாற்பத்து மூன்று 'முடிந்தது'. நூற்று நாற்பத்து நாலாவது, சொந்த அக்காள் வீட்டில், முடியவில்லை என்று இருக்கட்டுமா? ஊரான் சண்டையெல்லாம் தீர்க்கிறான், உடன்பிறந்தவள் கேட்கமாட்டேன் என்றாளாம் என்று இந்தச் சந்து பேசட்டுமா?

"சம்மதம்" என்றாள்.

"யாராவது வற்புறுத்துனாங்களா?"

"இல்ல."

"யோசிக்க டயம் வேணுமா?"

"வேண்டாம்."

எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். கடைசியாகத் தங்கசாமி, சமரசர் என்ற இடத்தில். பேனாவை மூடியதும் அவன் முகம் மாறி, பழைய தம்பியானான். "யக்கா, இப்பம் சோறு போடு" என்றான். இரண்டு தடவை குழம்பு வாங்கிச் சாப்பிட்டான். "இவ்வளவு மரியாதையா முடிஞ்ச விஷயம் நான் பாத்ததில்லக்கா" என்றான். அவள் பரணிலிருந்து பிளாஸ்டிக் உறைகளை எடுத்து, நாற்பத்தைந்து வருஷத்துக் கரண்ட் பில்லோடு மகேஷிடம் கொடுத்தாள். அந்தத் தாள்கள் இல்லாமல் மகேஷ் பெயர் ஏறியிருக்காது.

பன்னிரண்டு நாள் கழித்து சர்வேக்காரர்கள் வரும் நாள் தெரிந்தது. பெயர் உள்ளவர் கதவுக்கு உள்ளே குடியிருக்க வேண்டும், வாசலில் நிற்கவைத்துப் படம் எடுப்பார்கள்.

"சர்வே முடியுத வரைக்கும் நீ மேல இருந்துக்கோக்கா" என்றான் மகேஷ். "ஒரு வாரம். கீழ எல்லாரும் இருந்தா எடம் பத்தாது."

முழங்கால் வலியோடு அவள் இரும்பு ஏணியில் ஏறினாள். அவர்கள் கட்டில் கீழே வந்தது, அவள் டிரங்குப் பெட்டி மேலே போனது. சர்வேயன்று மகேஷும் ஜெபசெல்வியும் ஆதித்யனும் குளித்துத் தலைவாரி வாசலில் நின்றார்கள். தங்கத்தாய் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தபோது, படம் எடுக்கிற பெண், தலை தெரிகிறது, உள்ளே போங்கள் என்று கையைக் காட்டினாள். உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணே ஏணி ஏறி வந்தாள். இங்கே யார் குடியிருப்பது என்று இந்தியில் கேட்டாள்.

"நான்தான் இருக்கேன்."

"பெயர்?"

முழுப் பெயரும் அப்பா பெயரும் கேட்டு மெஷினில் தட்டினாள். கதவோரம் ஒரு எண் எழுதினாள். தங்கத்தாயை நிற்கவைத்து ஒரு படமும் எடுத்தாள். தங்கத்தாய் மறைக்க நினைக்கவில்லை. கேட்டதற்கு உள்ளதைச் சொன்னாள். அவளுக்கு வேறு மாதிரி சொல்லத் தெரியாது.

ஒரு வாரம் கழிந்தும் கீழே வா என்று யாரும் கூப்பிடவில்லை. இரண்டு மாதம் கழித்துப் பட்டியல் ஒட்டினார்கள். பேராச்சியோடு போய் விரல் வைத்துத் தேடினாள். தரைத்தளம், மகேஷ்குமார், தகுதி உண்டு. அதற்கு அடுத்த வரியில், மேல்தளம், தங்கத்தாய், தனிநபர், உள்ளே தகுதி இல்லை, வெளியே வீடு. அறுபத்து மூன்று வயதில் முதல் தடவையாக அவள் பெயர் ஒரு தாளில் யாருக்கும் கீழே இல்லாமல் இருந்தது.

மகேஷ் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "நாங்க ஒண்ணும் செய்யலக்கா. அவங்களா எழுதிட்டாங்க."

ஜெபசெல்விதான் தலையைக் குனியவில்லை. "மைனிக்குன்னு தனியா ஒரு வீடு வருதுல்லா. நல்லதுதான. வந்தத விடுவாங்களா?"

"கையெழுத்துப் போட்ட தாள்ல என்ன இருக்கு, ஜெபா? ஆயுசு பூரா உங்க கூடன்னுதான இருக்கு?"

"அது புது வீட்டுலதான? புது வீடு வரட்டும். உங்கள போன்னு நாங்களா சொன்னோம்? கவர்மெண்ட்டுல்லா சொல்லுது."

ஆட்சேபம் கொடுக்க முப்பது நாள். தங்கத்தாய் மறுநாளே ஜிடிபி நகரில் பன்வேல் வண்டி ஏறி நெருளில் இறங்கினாள். தங்கசாமி வீட்டில் ஏசி ஓடியது. அவன் பெண்டாட்டி டீ வைத்துக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சொல்ல வேண்டியதை அவள் மூன்று வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். பிறகு கேட்டாள்.

"விசாரணைக்கு நீ வந்து சொல்லு. அக்கா எப்பவும் கீழதான் இருந்தா, சர்வேக்காக ஒரு வாரம் மேல ஏத்துனாங்கன்னு. நீ பிறந்த வீடு. உனக்குத் தெரியாததா?"

தங்கசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "நான் சொல்ல முடியாதுக்கா."

"ஏன்?"

"நடுவுல இருந்தவன் பொறவு எந்தப் பக்கத்துக்கும் சாட்சி சொல்லக் கூடாது. எங்க தொழில்ல அதான் அஸ்திவாரம். ஒருத்தருக்காகச் சொன்னேன்னா நாளைக்கு எவனும் எம் முன்னால வாயத் தெறக்க மாட்டான்."

"நீ எந் தம்பியில்லையா?"

"தம்பியா வாரேன்னு அன்னைக்குச் சொன்னேன்லாக்கா. உன் பக்கத்துல இருக்கேன், வேற ஆள் நடுவுல உக்காரட்டும்னு."

 "உக்காரக் கூடாதுங்க விதிய எனக்காக ஒடைச்ச. சொல்லக் கூடாதுங்க விதிய ஒடைக்க முடியலியா?" என்றாள்.

"ஒண்ண ஒடைச்சதாலதான் இன்னொண்ண ஒடைக்க முடியல."

அவன் கண் கலங்கியிருந்தது. அவனுக்கும் வலித்தது என்பதில் சந்தேகமில்லை. "எங்கூட வந்து இருந்துரு. ஒரு ரூம் சும்மாத்தான் கெடக்கு" என்றான்.

"விருந்துக்கு வாரேன்பா" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். டீ ஆறியிருந்தது. குடிக்கவில்லை. 

ஆட்சேப மனுவைப் பேராச்சியின் மருமகள் மராத்தியில் எழுதிக் கொடுத்தாள். விசாரணை ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. அதிகாரி ஒரு நடுவயசுக்காரர், பொறுமையான மனிதர். பேராச்சி சாட்சிக்கு வந்தாள். தங்கத்தாய் எப்போதும் கீழேதான் என்று தனக்குத் தெரிந்த இந்தியில் அடித்துச் சொன்னாள். அதிகாரி குறித்துக்கொண்டார். பிறகு மகேஷ் தன் தாளை நீட்டினான். அதிகாரி அதை முழுதாகப் படித்தார். இரண்டாம் பக்கத்தைத் திருப்பித் தங்கத்தாயிடம் காட்டினார்.

"இது உங்கள் கையெழுத்தா?"

"ஆமா."

"கீழ்வீட்டின் பெயரை உங்கள் விருப்பத்தோடு தம்பிக்கு விட்டுக்கொடுத்ததாக எழுதியிருக்கிறது. யாரும் வற்புறுத்தவில்லை என்றும் இருக்கிறது. வற்புறுத்தினார்களா?"

இல்லை என்று தலையசைத்தாள்.

"நான் சொல்ல விரும்புவது," என்றார் அவர், குரல் கொஞ்சம் இளகி, "இந்தக் காகிதத்தை முடித்து வைத்தவர் பெரிய சமரசர் போலிருக்கிறது. அவரே வந்து, இந்த அம்மா கீழேதான் குடியிருந்தார், பேசியது இப்படித்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் நான் யோசிக்கலாம். அவரைக் கூப்பிட முடியுமா?"

மகேஷ் நிமிர்ந்து பார்த்தான். பேராச்சி தங்கத்தாயின் விலாவில் இடித்தாள். சொல்லு, உன் தம்பிதான் என்று சொல்லு.

"அவரு சொல்லக் கூடாது சாப்" என்றாள் தங்கத்தாய். "நடுவுல உக்காந்தவரு பொறவு யாருக்காகவும் சாட்சி சொல்லக் கூடாது. அதுதான் விதி. அத ஒடைச்சா நாளைக்கு அவரு முன்னால யாரும் வாயத் தெறக்க மாட்டாங்க."

அதிகாரி பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். இப்படி ஒரு மனுதாரரை அவர் பார்த்திருக்க மாட்டார். "சரி" என்று சொல்லி, அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்.

வெளியே வந்ததும் பேராச்சி பிடித்துக்கொண்டாள். "உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? அவரே கேக்குதாரு, கூப்பிடுங்கன்னு. நீயே போயி அவனுக்கு வக்காலத்து வாங்குத."

"உள்ளதத்தான சொன்னேன்."

"உள்ளது. உள்ளது. உள்ளதச் சொல்லித்தான் மாடிக் கணக்குல ஏறுன."

 தங்கசாமி கெட்டவனாக இருந்தால் தங்கத்தாய்க்கு எளிதாக இருந்திருக்கும். ஜெபசெல்வியைத் திட்டுவது போல் திட்டிவிட்டுப் போகலாம். அவன் எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் செய்தான். தண்ணீர்கூடத் தன் பாட்டிலில் கொண்டுவந்தான். அவள் வளர்த்த பிள்ளை, அவள் எப்படி இருக்க வேண்டும் என்று நினைத்தாளோ அப்படியே இருந்தான். அதுதான் தாங்கவில்லை.

உத்தரவு மூன்று வாரத்தில் வந்தது. ஆட்சேபம் ஏற்கப்படவில்லை. வெளியே கொடுக்கப்போகும் வீடு ரயிலை விட்டு இறங்கி இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில் இருந்தது. கதவு எண்ணும் அவள் பெயரும் அச்சடித்த சீட்டு ஒன்றும் தந்தார்கள். மகேஷ் கீழேயிருந்தே போன் போட்டு, சாமான் கொண்டுபோக டெம்போ பேசித் தருகிறேன் என்றான். பேசித் தா என்றாள்.

புறப்படும் வாரத்தில் அவள் மாடியில் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தபோது ஏணியில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. பேராச்சி ஏறி வந்து, படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். முகம் சரியில்லை.

"எனக்கும் எம் மவனுக்கும் பேச்சு முத்திட்டு, தங்கத்தாயி. எங்க வரிசைக்கு இப்பத்தான சர்வே வருது, கீழ்வீடு அவன் பேருல வேணுமாம். ஒந் தம்பி நம்பரக் குடு. நல்லபடியா முடிச்சுக் குடுப்பாருல்லா?"

தங்கத்தாய் சாக்கின் வாயைச் சுருக்கிக் கயிறு போட்டாள்.

"முடிச்சுக் குடுப்பான்" என்றாள். "பேராச்சி, அவன் உன்கிட்ட பேரு எதுக்குன்னு கேப்பான். ஒண்ணும் சொல்லாத. பேருதான் வேணும்னு மட்டும் சொல்லு. வேற என்ன கேட்டாலும் அதையே சொல்லு."

"அப்படிச் சொன்னா முடியாமப் போயிராதா?"

"போவும்."

"அப்பம் முடியாதுன்னா அவர எதுக்குக் கூப்பிடணும்? எனக்கு இது முடியணும்டி. வயசான காலத்துல மவனோட பேசாம இருக்க முடியுமா? நீ நம்பரக் குடு."

நியாயம்தான். தங்கத்தாயும் அன்றைக்கு அப்படித்தான் நினைத்தாள். அந்த நம்பர் அவளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும். பேராச்சி போனைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். கடைசி எண்ணை மாற்றிச் சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. அவள் ஒவ்வொரு எண்ணாக, பேராச்சி அழுத்தி முடிக்கும் வரை நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். பிறகு போனை வாங்கிச் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கொடுத்தாள்.